ஒத்துக்கொள்ளாத உணவைக் கண்டறிவது எப்படி: மலையகக் குடும்பங்களுக்கான ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் பெரும்பாலான வீடுகளில் அன்றாடம் உண்ணப்படும் பொருள்களின் எண்ணிக்கை பெரிதன்று. கோதுமை மா ரொட்டி, சோறு, மைசூர்ப் பருப்பு, தேங்காய்ச் சம்பல், தோட்டத்து மரக்கறி, நெத்தலி அல்லது கருவாடு, வாரத்தில் ஓரிரு நாள் முட்டையோ மீனோ, நாள் முழுவதும் தேநீர். இந்தச் சிறிய பட்டியலிலிருந்து ஒன்றை ஒத்துவரவில்லை என்று நீக்கும்போது அதனுடன் புரதமோ கல்சியமோ இரும்புச்சத்தோ சேர்ந்து போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்ப வேறொன்றை வாங்கும் வசதி எல்லோருக்கும் இருப்பதில்லை. ஆகவே, ஓர் உணவைத் தட்டிலிருந்து அகற்றுவதற்கு முன், தொந்தரவுக்கு உண்மையில் அதுதான் காரணமா என்று உறுதிசெய்துகொள்வது நமக்கு மிகவும் அவசியம். அதைச் செலவின்றி, வீட்டிலேயே, ஒழுங்காகச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

தொந்தரவைச் சிறிதாக எண்ணிவிடவும் கூடாது. வயிறு ஊதுதல், இரைச்சல், அடிக்கடி வயிற்றோட்டம், தலைவலி, தோல் அரிப்பு, உண்டபின் வரும் சோர்வு ஆகியவை உயிரைப் பறிப்பவை அல்ல என்றாலும் வாழ்க்கையைச் சுருக்கிவிடுகின்றன. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அருகில் கழிப்பறை கிடையாது. வயிறு எந்நேரமும் கலங்கலாம் என்ற பயத்தில் காலை உணவைத் தவிர்ப்பவர்களும், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்பவர்களும், அரை நாளில் இறங்கிவந்து அரைப்பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, திருப்தியடைபவர்களும் இருக்கிறார்கள். வெட்கத்தினால் இதை யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சகித்துக்கொள்வதுதான் மிகவும் வருத்தத்திற்குரியது.

முதலில் ஆபத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

உணவினால் வரும் தொந்தரவுகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. உணவு ஒவ்வாமை என்பது உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி ஒரு குறிப்பிட்ட உணவுப் புரதத்தைப் பகையாகக் கருதித் தாக்குவதால் வருவது. பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் அது வெளிப்படும். மிகச் சிறிய அளவே போதும். இறால், நண்டு, மீன், முட்டை, பால், நிலக்கடலை, கசுக்கொட்டை, கோதுமை, சோயா ஆகியவை இதற்கு அடிக்கடி காரணமாகின்றன. இலங்கைப் பிள்ளைகளிடையே மாட்டிறைச்சி ஒவ்வாமையும் காணப்படுகிறது. உணவு சகிப்பின்மை இதிலிருந்து வேறுபட்டது. அது செரிமானத்தோடு தொடர்புடையது, மெதுவாக வருவது, உண்ட அளவைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் வெளிப்படுவது. இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் வீட்டுச் சோதனை சகிப்பின்மைக்கு மட்டுமே உரியது. உடல் முழுவதும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் மாறுதல், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்றாவது ஓர் உணவுக்குப் பின் முன்னர் வந்திருந்தால், அந்த உணவை வீட்டில் மீண்டும் சோதித்துப் பார்க்கவே கூடாது.

அத்தகைய நிலை திடீரென ஏற்பட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. லயத்து வீட்டிலிருந்து பெரிய வீதிவரை நோயாளியை நடத்திச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. கடுமையான ஒவ்வாமையில் இரத்த அழுத்தம் வீழ்ந்திருக்கும்போது எழுந்து நிற்பதும் நடப்பதும் உயிருக்கே ஆபத்தாகலாம். அவரைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமமென்றால் சாய்ந்து உட்காரவிடுங்கள். வாகனம் வர முடியாத இடமென்றால் தூக்கிச் செல்லுங்கள். இதற்கான மருந்து தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது. ஊசியால் தெளிவடைந்த பின்னும் சில மணித்தியாலங்களில் அறிகுறிகள் திரும்ப வரக்கூடும் என்பதால், வைத்தியசாலையில் வைத்திருந்து பார்க்க வேண்டும் என்று சொன்னால் இருந்துவிட்டே வீடு திரும்புங்கள்.

உணவைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன்

பீலித் தண்ணீரையோ ஊற்றுத் தண்ணீரையோ கொதிக்கவைக்காமல் குடிக்கும் வீட்டில், வயிற்றோட்டத்துக்குக் காரணம் உணவாக இல்லாமல் கிருமியாகவும் இருக்கலாம். ஜியார்டியா போன்ற குடல் தொற்று ஏற்பட்டவர்களுக்கு, குடலின் உட்புறம் பாதிக்கப்படுவதால் பால் தற்காலிகமாக ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தொற்றுக்கு மருந்தெடுத்தால் சில வாரங்களில் பாலும் பழையபடி ஒத்துக்கொள்ளும். கொக்கிப்புழு இரத்தசோகையையும் சோர்வையும் உண்டாக்கும். வெறும் வயிற்றில் பலமான தேநீர் குடித்துவிட்டு நெடுநேரம் உண்ணாமலிருப்பது நெஞ்செரிவைக் கூட்டும். ஆதலால் முதல் வேலை, தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்பதும், தோட்ட வைத்திய உதவியாளரிடமோ அரசாங்க வைத்தியசாலையிலோ சொல்லிக் குடற்புழு மருந்தும் இரத்தப் பரிசோதனையும் பெற்றுக்கொள்வதும்தான்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், நீடித்த காய்ச்சல், விழுங்கச் சிரமம், ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய மலப் பழக்க மாற்றம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் உணவுச் சோதனையை ஒத்திவைத்துவிட்டு வைத்தியரிடம் செல்லுங்கள்.

எழுதிவைத்தல்

பிள்ளையின் பழைய கொப்பி ஒன்று போதும். இரண்டு வாரங்களுக்கு எதையும் மாற்றாமல் வழக்கம்போல உண்டு, நேரம், உணவு, அளவு, தொந்தரவு, அது தொடங்கிய நேரம், அன்றைய வேலை, முந்திய இரவுத் தூக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். பெண்கள் மாதவிடாய் நாட்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்நாட்களில் வயிறு தானாகவே கலங்குவதுண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகப் பிள்ளை எழுதட்டும். “சாப்பிட்டேன், வயிறு சரியில்லை” என்று எழுதுவதால் பயனில்லை. “காலை 6 மணி, இரண்டு ரொட்டி, பெரிய வெங்காயச் சம்பல், பால் தேநீர் ஒன்று, 8 மணிக்கு வயிறு ஊதியது” என்று எழுதினால்தான் பின்னர் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும்போது ஒரு தொடர்பு தென்படும். ரொட்டியென்று நினைத்தது அதனுடன் உண்ட வெங்காயமாக இருப்பதும், பருப்பென்று நினைத்தது அன்று உறங்காத இரவாக இருப்பதும் இந்தக் குறிப்பில்தான் வெளிப்படுகின்றன.

பின்னர் சந்தேகம் அதிகமுள்ள ஒரே ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முழுமையாக நிறுத்துங்கள். இரண்டு பொருள்களைச் சேர்த்து நிறுத்தினால் எது காரணமென்று தெரியாமல் போகும். சுகம் கிடைக்கவில்லையென்றால் அந்தப் பொருள் குற்றமற்றது. அதை உடனே மீண்டும் உண்ணத் தொடங்குங்கள். சுகம் கிடைத்தாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. முதல் நாள் சிறிதளவு, இரண்டாம் நாள் அதைவிடக் கூடுதல், மூன்றாம் நாள் வழக்கமான அளவு என்று மீண்டும் உண்டு பார்க்க வேண்டும். தொந்தரவு திரும்பினால் அது எந்த அளவில் திரும்பியது என்பதே உங்களுக்குத் தேவையான விடை. இந்த மறுசோதனையைத்தான் பலர் செய்வதில்லை. நிறுத்தியவுடன் வந்த சுகத்தை நம்பி, தேவையில்லாத ஒரு விரதத்தை வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கெடுதல் செய்யும் என்று எதிர்பார்த்து உண்பவருக்கு அந்த எதிர்பார்ப்பே வயிற்றைக் கலக்கக்கூடும் என்பதால், முடிவில் ஐயமிருந்தால் சில வாரம் கழித்து மறுமுறையும் செய்து பாருங்கள்.

பால்மாவும் கோதுமை மாவும்

பாலிலுள்ள லக்ரோஸ் என்ற சீனியைச் செரிக்க லக்டேஸ் என்ற நொதியம் வேண்டும். உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சிறுபராயம் கடந்தபின் அந்த நொதியம் குறைந்துவிடுகிறது. ஆகவே இதை ஒரு நோயாக எண்ண வேண்டியதில்லை. செரிக்காத லக்ரோஸ் பெருங்குடலில் நொதித்து வாயுவையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்குகிறது. ஆனாலும் இத்தகையவர்களில் பெரும்பாலானோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரையான லக்ரோஸைப் பெரிய தொந்தரவின்றித் தாங்குகின்றனர். அது ஒரு பெரிய கோப்பைப் பாலில் இருக்கும் அளவு. 10 கிராம் பால்மா சேர்த்த தேநீரில் ஏறக்குறைய 4 கிராமே இருக்கும். ஆகையால் பால் தேநீரை அடியோடு விடவேண்டிய தேவை பலருக்கு இல்லை. வெறும் வயிற்றில் குடிக்காமல் உணவோடு குடிப்பதும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கோப்பை குடிக்காமல் இடைவெளி விடுவதும் போதும். தயிரில் நுண்ணுயிர்கள் லக்ரோஸின் ஒரு பகுதியை ஏற்கெனவே செரித்துவிடுவதால் அது பலருக்கு ஒத்துக்கொள்கிறது. பாலை உண்மையிலேயே நிறுத்த வேண்டியவர்கள் முள்ளோடு உண்ணும் நெத்தலி, எள்ளு, கீரை, குரக்கன் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு.

கோதுமையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நமது காலையும் பல வீடுகளில் இரவும் அதிலேதான் தங்கியிருக்கின்றன. கோதுமையால் மூன்று வெவ்வேறு தொந்தரவுகள் வரலாம். ஒன்று, மேலே சொன்ன ஒவ்வாமை. இரண்டாவது சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதத்தின் காரணமாக உடலின் எதிர்ப்புத் தொகுதி சிறுகுடலையே தாக்கும் நோய் அது. நீடித்த வயிற்றோட்டம், இரும்பு மாத்திரை எடுத்தும் மாறாத இரத்தசோகை, பிள்ளையின் வளர்ச்சி நின்றுபோதல் ஆகியவை அதன் அடையாளங்கள். தென்னிந்தியாவில் இந்நோய் வட இந்தியாவைவிட மிகக் குறைவாகவே காணப்படுகிறது; என்றாலும் அறிகுறி பொருந்தினால் இரத்தப் பரிசோதனை அவசியம். அந்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக்கூடாது. நிறுத்திவிட்டால் இரத்தத்தில் தேடப்படும் எதிர்பொருள் குறைந்து, நோயிருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். ஏற்கெனவே நிறுத்தியவர்கள் குறைந்தது ஆறு வாரம் நாள்தோறும் மீண்டும் கோதுமை உண்ட பின்னரே இரத்தம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வகை இவ்விரண்டுமல்லாத கோதுமைச் சகிப்பின்மை. இதற்கும் குளூட்டனே காரணம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த நோர்வே ஆய்வொன்று, குளூட்டன் ஒத்துவரவில்லை என்று தாமாகவே விலக்கிவைத்திருந்த 59 பேருக்கு எது என்று சொல்லாமல் குளூட்டனையும் ஃபிரக்டனையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. கோதுமையிலும் வெங்காயத்திலும் உள்ள ஒருவகை மாச்சத்தான ஃபிரக்டன்தான் தொந்தரவைக் கூட்டியது; குளூட்டன் அல்ல. இதனால் நமக்குக் கிடைக்கும் நன்மை பெரியது. ஃபிரக்டனால் தொந்தரவு என்றால் கோதுமையை முற்றாக ஒழிக்க வேண்டியதில்லை. நான்கு ரொட்டியை இரண்டாக்கி, மீதிக்கு அரிசி மா அல்லது குரக்கன் ரொட்டியைச் சேர்த்தாலே பலருக்குப் போதுமானது. சீலியாக் நோயென்று உறுதியானவருக்கோ ஒரு துண்டு பாணும் கூடாது. அவருக்காக ரவை, மால்ட் பானங்கள், சோயா சோஸ், கோதுமை மா கலந்த பெருங்காயம், கடையில் வாங்கும் பிட்டு ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். குரக்கன் மாப் பக்கெட்டிலும் கோதுமை கலந்திருக்கிறதா என்று வாசித்துப் பார்த்தே வாங்க வேண்டும். ரொட்டி சுடும் கல்லையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வெங்காயம், வெள்ளைப்பூண்டு, லீக்ஸின் வெள்ளைத் தண்டு, பருப்பு வகைகள் ஆகியவற்றையும் இந்த நொதிக்கும் மாச்சத்துக் கூட்டத்திலேயே மெல்பேர்ணிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்த்திருக்கிறார்கள். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் விளையும் லீக்ஸை விட்டுவிட மனமில்லாதவர்கள் அதன் பச்சை இலைப் பகுதியை மட்டும் சமைக்கலாம். பூண்டின் ஃபிரக்டன் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயில் பூண்டைப் பொரித்து, பூண்டை எடுத்துவிட்டுத் தாளித்தால் மணம் கிடைக்கும், தொந்தரவு கிடைக்காது. பருப்பையும் கடலையையும் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்பவை.

மீன் உண்டால் முகம் சிவப்பவர்கள்

இது மலைநாட்டில் தனிக் கவனத்துக்குரியது. கடற்கரையிலிருந்து லொறியில் ஏறி, நகரச் சந்தையில் இறங்கி, பின்னர் சிறு வாகனத்தில் தோட்டங்களுக்கு வரும் மீன், வழியில் போதிய ஐஸ் இல்லாமல் சூடேறினால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. சூரை, பலயா, கெலவல்லா, கானாங்கெளுத்தி போன்ற கருஞ்சதை மீன்களில் இது அதிகம். ஒருமுறை உருவான ஹிஸ்டமின் கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அழியாது. மீனில் நாற்றமும் தெரியாமலிருக்கலாம். உண்ட சில நிமிடங்களிலோ ஒரு மணித்தியாலத்துக்குள்ளோ முகமும் கழுத்தும் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, தோல் தடித்து அரிக்கும். நாக்கில் மிளகு பட்டதுபோன்ற எரிவும் இருக்கலாம். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாகவே தணிந்துவிடும். மூச்சு முட்டினால் மேலே சொன்ன அவசர முறையையே கைக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு ஒருமுறை வந்துவிட்டால், மீனே ஒத்துவராது என்று குடும்பம் முடிவுகட்டிவிடுகிறது. அதே மீனை உண்ட வேறு யாருக்கும் அதே நேரத்தில் அப்படி வந்ததா, அதற்கு முன்னும் பின்னும் அதே வகை மீன் தொந்தரவின்றி உண்ணப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் விடை ஆம் என்றால், குற்றம் அந்த நாளின் மீனில் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வைத்தியரிடம் இந்த விவரத்தைச் சொல்லி, ஒவ்வாமை இல்லையென்று அவர் உறுதிசெய்தபின், புதிய மீனைத் தெரிந்து வாங்கி உண்ணலாம். ஐஸில் புதைத்து வைக்கப்படாத கருஞ்சதை மீனை, விலை மலிவாக இருந்தாலும், வாங்காதிருப்பதே நல்லது. வாங்கியதைச் சமைக்கும்வரை வெளியில் வைக்காதீர்கள். மலைக்குளிர் போதும் என்ற எண்ணம் தவறானது, மீனுக்கு 4 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் வேண்டும்.

தேநீர், சோர்வு, பிள்ளைகள்

எப்போதும் அசதியாக இருக்கும் பெண்கள் ஏதோ உணவு ஒத்துவரவில்லை என்று நினைக்கும்போது, நான் முதலில் கேட்பது இரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்பதைத்தான். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்கள், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கின்றன. சோற்றோடும் இரும்பு மாத்திரையோடும் தேநீர் குடிக்காமல் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விட்டு, கீரையில் தேசிக்காய் பிழிந்தோ உணவின் பின் கொய்யாப்பழம் உண்டோ வந்தால் உறிஞ்சுதல் கூடும். தேநீரின் கஃபேன் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுப்பதால், தூக்கம் வராதவர்கள் மாலைத் தேநீரை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளின் உணவிலிருந்து எதையும் பெற்றோர் தாமாக நீக்கக்கூடாது. கிரந்தி (உடலில் அரிப்பும் சொறியும் உண்டாக்குவது) என்று மூத்தவர்கள் விலக்கச் சொல்லும் உணவுகளில் இறாலும் நண்டும் சிலருக்கு உண்மையாகவே ஒவ்வாதவை. ஆனால் முட்டையும் மீனும் தக்காளியும் கத்தரிக்காயும் சேர்த்து எல்லாவற்றையும் எல்லாப் பிள்ளைகளுக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும் தடுப்பது பெருந்தீங்கு. மாமியாரோடு வாதாடுவதைவிட, வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவமாதை அவருக்கு முன்னிலையில் விளக்கச் சொல்வது பலன் தருகிறது. தாமதித்துக் கொடுப்பதால் ஒவ்வாமை தடுக்கப்படுவதுமில்லை. லண்டனில் 640 குழந்தைகளிடம் செய்யப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே நிலக்கடலை உணவைக் கொடுத்துவந்தபோது அந்த ஒவ்வாமை பெருமளவு குறைந்தது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தபின், நன்றாக வேகவைத்த முட்டையையும் மாவாக அரைத்த கடலையையும் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், கொடுக்காதீர்கள். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே ஓர் உணவு ஒவ்வாத குழந்தைக்கும் வைத்தியரைக் கேட்டே தொடங்குங்கள். சத்துமாவான திரிபோஷாவில் சோளமும் சோயாவும் இருப்பதால், சோயா ஒவ்வாத பிள்ளையைப் பற்றிக் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தனியார் ஆய்வுகூடங்களில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜீஜி (IgG) என்ற எதிர்பொருளைப் பார்க்கும் சோதனைகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். உண்ட உணவுக்கு ஐஜீஜி தோன்றுவது இயல்பு. அது சகிப்பின்மையைக் காட்டுவதில்லை என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் கழகம் 2008இலேயே அறிவித்திருக்கிறது. ஒவ்வாமைக்கு உதவுவது ஐஜீஈ (IgE) என்ற வேறொரு எதிர்பொருளைப் பார்க்கும் இரத்தச் சோதனையும் தோல் குத்துச் சோதனையும். அவற்றையும் வைத்தியர் நோயின் வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

எந்த உணவு ஒத்துவரவில்லை என்பது உறுதியான பின், அதையும் அது உண்டாக்கும் விளைவையும் தேவையான மருந்தையும் ஒரு சிறிய அட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். அவசரத்தில் வரும் அம்புலன்ஸ் உத்தியோகத்தரும் வைத்தியசாலைத் தாதியும் சிங்களம் மட்டுமே வாசிப்பவர்களாக இருக்கலாம். ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பியில் ஒட்டுங்கள்; மற்றொன்றைப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளையைப் பார்ப்பவரிடமும் இன்னொன்றைப் பாடசாலை வகுப்பாசிரியரிடமும் கையில் கொடுத்து, வாயாலும் சொல்லிவிடுங்கள். சகிப்பின்மை மட்டும் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த உணவைச் சிறிதளவில் மீண்டும் உண்டு பார்த்து, தாங்கும் அளவு கூடியிருந்தால் அட்டையில் அதையும் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும்.